கடைசிப் பந்தியில் அம்மா

தட்டில் சோறு போட்டாயிற்று. கறிக்குழம்பு ஊற்றியாயிற்று. எலும்பில்லாத துண்டாகப் பார்த்து நாலைந்து பொறுக்கி ஓரத்தில் வைத்தாயிற்று. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச்சடையில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றரை மணி. கோயிலிலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அம்மாவின் மேலுதட்டில் வேர்வை அரும்பி நின்றது.

"சாப்பிடும்மா, ஆறிப்போகுது."

"பசிக்கலத்தா."

"காலைல இருந்து ஒரு வாய்க் காப்பி கூடக் குடிக்கல. பசிக்கலையாம்ல! யார்ட்ட கத விடுற?"

என்னவோ சொல்ல வந்தாள். விரல்கள் நடுங்கின. வாய் குழறியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள உடம்பு, சர்க்கரை கீழே இறங்கிவிட்டது என்று தெரிந்துபோயிற்று. ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து, நாலு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தேன்.

அம்மா பல்லை இறுக்கிக்கொண்டாள். டம்ளரை உதட்டில் வைத்து அழுத்துகிறேன், தலையைத் திருப்பிக்கொள்கிறாள். கழுத்தெல்லாம் சீனித் தண்ணீர்.

"வாயத் தொறம்மா! என்னைய என்னதான் செய்யச் சொல்ற?"

"இன்னும் வாங்கலத்தா" என்றாள். அவ்வளவுதான், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள்.

எதை வாங்கவில்லை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூவி அழைத்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரை மணி நேரத்தில் கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என்னைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

தன் கல்யாணத்துக்குத் தானே வாசித்தவள்

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். "பியானோ வாசித்த அம்மாவை விட்டுவிட்டீர்களே" என்று வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். விட்டுவிடவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் அவள் விரல்களில் நெட்டி முறிக்கிற சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருகிறதா என்று காது தேடும்.

சுகிர்தம் டீச்சர் என்றால் எங்கள் லுத்தரன் சபையில் எல்லோருக்கும் தெரியும். வாரநாளில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பியானோ. இரண்டாவதுக்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்தாள். என்னைப் பெற்றபோது மட்டும் மூன்று ஞாயிறு போகவில்லை. அந்த மூன்று வாரமும் சபை பாடியதைக் கேட்டு ஐயரே கண்ணீர் விட்டாராம். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

அந்தப் பியானோவும் லேசுப்பட்டதில்லை. மிஷன் காலத்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தி விட்டுப் போனது. மழைக்காலத்தில் கட்டைகள் ஊதிக்கொண்டு, அமுக்கினால் எழும்பாது. எலி புகாமலிருக்க உள்ளே பாச்சை உருண்டை போட்டு வைப்பாள். சனிக்கிழமை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வருகிற மல்லிகைப்பூ பலிபீடத்தில் இருக்கும். பூ வாசமும் பாச்சை உருண்டை வாசமும் கலந்து மூக்கில் ஏறினால், அதுதான் எனக்குக் கோயில். இன்றைக்கும் துணி அலமாரியைத் திறக்கும்போது திடீரென்று ஜெபம் பண்ணத் தோன்றும்.

அம்மாவுக்குக் கல்யாணமான கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்பா மில் தொழிலாளி. பாட்டு சுத்தமாக வராது. கல்யாணத்தன்று காலை, வாசிக்க வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். ஐயர் அங்கி போட்டுத் தயார். பாட்டில்லாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருவதா? முக்காட்டோடு, கையில் பூச்செண்டோடு அம்மா நேராகப் போய்ப் பியானோவில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை தனியாக நடந்து வந்தார். மணப்பெண் வாசித்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்தபோது முக்காடு ஸ்டூலில் மாட்டிக் கிழிந்தது. அப்பா இந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"பொண்ணு பின்னால நடந்து வந்த மாப்ளயப் பாத்திருக்கேன். பொண்ணு வாசிக்க, ஒத்தையில நடந்து வந்த மாப்ள ஒலகத்துலயே நான் ஒருத்தன்தேன்" என்பார்.

அப்பாவை அடக்கம் பண்ணிய அன்றும் அம்மாதான் வாசித்தாள். "வேற யாராச்சும் வாசிக்கட்டும், நீங்க உக்காருங்க டீச்சர்" என்று எல்லோரும் கெஞ்சினார்கள். "அவருக்கு நான் வாசிக்காம யாரு வாசிப்பா?" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அழ எனக்கு ஒரு அம்மா வேண்டியிருந்தது.

ஒரு இருமல்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. சனிக்கிழமையே ஐயரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் பந்தி பந்தியாகப் போய் பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். எல்லாப் பந்தியும் முடிகிறவரை பாட்டு நிற்காது. அதற்கென்றே ஏழு சரணம், எட்டுச் சரணம் என்று நீளமான ஞானப்பாட்டுகள் இருக்கின்றன.

வாசிக்கிறவள் எப்போது வாங்குவாள்? இதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் எந்திரிச்சதும் நான்" என்றாள்.

மணியடிக்கிற தேவசகாயம் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். கடைசிப் பந்தி எழுந்ததும் பியானோ பக்கத்தில் போய் நின்று ஒரு இருமல் இருமுவார். அம்மா அந்தச் சரணத்தை முடித்துவிட்டு எழுந்து, தனியாகப் போய் முழங்காலிடுவாள். ஐயர் அவளுக்காகக் காத்திருப்பார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்த சரணம். ஊரில் யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. தேவசகாயம் அண்ணனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பழைய ஐயருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

கிராமத்தில் வேறு மாதிரி. டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஜெபவீடு உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில் மாதம் ஒரு தடவை அம்மா ஆர்மோனியப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவாள், நானும் கூடப் போவேன். காட்டு வேலை செய்கிற ஜனங்கள். அங்கே ஒரு அக்கா, ஐயர் அப்பத்தை எடுத்ததுமே, "மொதல்ல டீச்சருக்குக் குடுங்கய்யா. அம்புட்டுத் தூரம் பெட்டியத் தூக்கிட்டு வந்திருக்காக" என்று சத்தமாகச் சொல்லுவாள். அம்மா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனாலும் வாங்கிக்கொள்வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிருந்து நாளில் அம்மா வெறும் வயிற்றோடுதான் போவாள். வாங்குகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. சபையில் அப்படி ஒரு விதியே கிடையாது, அது அவள் வைத்துக்கொண்டது. வாங்கி முடித்து, ஆராதனை விட்டதும் கோயில் வாசலிலேயே பிளாஸ்கைத் திறந்து காப்பி குடிப்பாள். அந்த முதல் மடக்கில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நான் வாசிச்சேன்"

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

"சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தீங்களா?" டாக்டரம்மா கேட்டார்.

"ஆமா டாக்டர். மாத்திர மருந்துதான? சாப்பாடு இல்லையே. தண்ணி கூட ஊத்தல, வெறும் வாயிலதேன் போட்டேன்" என்றாள் அம்மா, பெரிய சாமர்த்தியம் பண்ணியவள் மாதிரி. அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் சாப்பிடாத நாளில் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்து, அடியில் இரண்டு கோடு போட்டார்.

எல்லோரும் போனபிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா வாங்கல? சீனித் தண்ணி குடுத்தா, வாங்கலன்னு சொன்னியே?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "அப்பமும் ரசமும்."

"காலைல கோயில்ல வாங்குனோமே!"

"நீங்க வாங்குனீக. நான் வாசிச்சேன்."

"போன மாசம்?" என்றேன். தலையை ஆட்டினாள். இல்லை. "அதுக்கு முந்துன மாசம்?" அதுவும் இல்லை.

"தேவசகாயம் போனதுல இருந்தே இல்லத்தா."

தேவசகாயம் அண்ணன் இறந்து ஒன்பது மாதம். அதே சமயத்தில்தான் பழைய ஐயர் மாற்றலாகிப் போய், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு இளம் ஐயர் வந்திருந்தார். கடைசிப் பந்தி எழுந்ததும் அவர் பாத்திரங்களை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தார். இரும ஆளில்லை.

ஒன்பது மாதமும் அம்மா சனிக்கிழமை பெயர் கொடுத்திருக்கிறாள். வெறும் வயிற்றோடு போயிருக்கிறாள். வாங்காமல் வீட்டுக்கு வந்து, "வயிறு சரியில்ல" என்று எனக்குப் பொய் சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்தபிறகுதான் சாப்பிட்டிருக்கிறாள். வாங்காமல் விரதத்தை முடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? எந்திரிச்சுப் போய் வாங்க வேண்டியதுதான?"

"கேட்டு வாங்குறதா அது? நான் எந்திரிச்சு நடந்தா, ஐயரு மறந்துட்டாருன்னு சபைக்கே தெரிஞ்சுரும்ல. சின்னப் பிள்ள. இப்பத்தேன் வந்திருக்காரு."

"அதுக்காக நீ பட்டினி கெடந்து சாவியா?"

"மெதுவாப் பேசு. பக்கத்துக் கட்டில்ல ஆளு இருக்கு."

அவளைத் திட்டியதை விட என்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டேன். ஒன்பது மாதமும் நான் அதே கோயிலில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பந்தியில் வாங்கிவிட்டு இடத்துக்கு வந்து, கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்வேன். நான் மட்டுமில்லை, சபையே அப்படித்தான் குனிந்திருக்கும். அத்தனை பக்தி எங்களுக்கு. பியானோ கேட்டுக்கொண்டே இருந்தது. வாசிக்கிறவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயர் போட்ட டிக்

"ஐயர்ட்ட மூச்சு விடாத" என்று அம்மா சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் பண்ணவில்லை. செவ்வாய்க்கிழமையே போய் நின்றேன். கோபத்தில் செருப்பைக் கழற்றாமல் அவர் அறைக்குள் போய்விட்டேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

அந்தப் பிள்ளை பேயறைந்தது போல ஆகிவிட்டார். திருவிருந்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் அம்மாவின் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அவர் கையாலேயே போட்ட டிக் இருந்தது.

"அக்கா, அவங்க வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் எல்லாருக்கும் குடுத்தேன். அவங்களுக்குக் குடுக்கலைன்னு எனக்குத் தோணவே இல்லக்கா" என்றார். சண்டை போடப் போனவள் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். வீட்டிலேயே வைத்துக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினார்.

"படுத்த படுக்கையாவா கெடக்கேன், வீட்டுக்குக் கொண்டுவர? நீங்க அங்கியோட பாத்திரத்த எடுத்துக்கிட்டு இந்தத் தெருவுல நொழஞ்சீகன்னா, டீச்சர் கதை முடிஞ்சுதுன்னு பூமாலையோட ஆளு வந்துரும்யா" என்றாள் அம்மா.

"அப்ப வர்ற முதல் ஞாயிறு, கடைசிப் பந்தி முடிஞ்சதும் நான் காத்திருக்கேம்மா. நீங்க வாங்க."

"எனக்குன்னு யாரும் நிக்க வேணாம்" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னோடு மூன்று நாள் பேச்சில்லை.

நான் கத்தியது

அந்த ஞாயிறு வந்தது. மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டேன். "ரெண்டு இட்லி தின்னுட்டு வாம்மா, டாக்டரம்மா சொன்னாகல்ல" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"வாங்கிட்டுத் திங்குறேன்" என்று சேலை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்றைக்கும் வாங்கவில்லை என்றால் இவள் பொழுது சாய்கிறவரை பட்டினிதான். எழுபத்தாறு வயது உடம்பு எத்தனை தடவை தாங்கும்?

நான் முதல் பந்தியிலேயே போய் வாங்கிவிட்டு வந்தேன். அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. பந்தி பந்தியாக எழுந்தார்கள். கடைசிப் பந்தியும் எழுந்து வந்து உட்கார்ந்தது. ஐயர் பாத்திரத்தை மூடவில்லை. அப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பியானோவைப் பார்த்து நின்றார்.

வாசிக்கிறவர்களுக்கு ஐயர் தெரிவதற்காகப் பியானோ மேல் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதில் அம்மாவுக்கு அவர் நிற்பது நன்றாகத் தெரியும். மூன்றாம் சரணம் முடிந்தது. அம்மா எழவில்லை, நாலாம் சரணத்தைப் பிடித்துவிட்டாள்.

வீம்பு என்று நினைத்தேன். இல்லை. காது மடல் சிவந்திருந்தது. சபை மொத்தமும் தன்னைப் பார்க்கிறதே என்று கூசிப்போயிருந்தாள். சபையும் பாட்டை விடவில்லை. பியானோ வாசிப்பதால் அவர்கள் பாடினார்கள், அவர்கள் பாடுவதால் அவள் வாசித்தாள். இரண்டு பக்கமும் நிறுத்த ஆளில்லை. ஐயரின் கையில் தட்டு ஆடியது. நாலு முடிந்தால் இன்னும் மூன்று சரணம்தான். அப்புறம் ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட வேண்டியதுதான்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"எல்லாரும் பாட்ட நிறுத்துங்க! எங்கம்மா இன்னும் வாங்கல!"

கோயிலில் வாழ்நாளில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். பாட்டு நடு வரியில் அறுந்தது. பியானோ மட்டும் இன்னும் அரை வரி போய், தயங்கி, நின்றது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். பிறகு எழுந்தாள். ஸ்டூல் கிரீச்சிட்டது. அத்தனை பேருக்கும் நடுவில், மெதுவாக, முழங்கால் வலியோடு நடந்து போய்ப் பலிபீடத்தின் முன்னால் தனியாக முழங்காலிட்டாள். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து நீட்டினாள். அந்தக் கைகள் அப்படி வெறுமனே விரிந்திருந்து நான் அதுவரை பார்த்ததேயில்லை.

ஆண்கள் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், விட்ட வரியிலிருந்து பாட்டைத் தொடங்கினார். சுருதி எங்கேயோ கிடந்தது. அடுத்த வரிக்குள் சபை முழுக்கச் சேர்ந்துகொண்டது. பியானோ இல்லாமல், இழுத்து இழுத்து, ஆளுக்கொரு பக்கமாக அம்மாவுக்காகப் பாடினார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் ஐயரிடம் ஏதோ மெல்லச் சொன்னது தெரிந்தது. என்னவென்று பிறகு ஐயரே என்னிடம் சொன்னார். "ஒங்களுக்குக் கை நடுங்குதுய்யா, கிண்ணத்தப் பாத்துப் பிடிங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாளாம்.

ஒன்றரை மணி

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். அம்மா சேலை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டு வைத்தேன், சோறு போட்டேன், கறிக்குழம்பு ஊற்றினேன்.

பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"கோயில்ல கத்துற பழக்கம் எப்ப இருந்து?"

"இன்னைல இருந்து."

"வெக்கமா இல்ல?"

"இல்ல."

கறித்துண்டை மென்றாள். எலும்பை ஓரமாக வைத்தாள்.

"நாலாஞ் சரணத்துல, அதுவும் நடு வரில போய் நிறுத்திப்புட்ட. அந்த வரியோட அர்த்தம் அஞ்சாஞ் சரணத்துலதேன் முடியுது. பாட்டு அந்தரத்துல நிக்குது, ஒனக்கு அது கூடத் தெரியல. இம்புட்டு நாளு யாரு வீட்டுல வளந்த?"

"சரிம்மா, தப்புதேன்."

"அடுத்த மாசம் அஞ்சாஞ் சரணம் முடியட்டும். நீ ஒண்ணும் கத்த வேணாம். நானே எந்திரிச்சு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "இன்னுங் கொஞ்சம் சோறு வையி."